பழைய கணினிக்குச் சத்தமில்லாத பிராசசர் கூலர்: ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

என் வீட்டுக் கணினி 2013-இல் அசெம்பிள் செய்தது. கோர் ஐ5 3470 பிராசசர், எச்61 மதர்போர்டு, அப்போது கடைக்காரர் தலையில் கட்டிய ஒல்லியான கேபினெட். கணக்கு எழுதவும் மொழிபெயர்ப்பு வேலைக்கும் இன்றுவரை அது போதும். ஆனால் சித்திரை பிறந்தால் போதும், வில்லிவாக்கத்தில் மேற்குப் பார்த்த என் மூன்றாம் மாடி அறையில் அது போடும் இரைச்சலில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எழுந்துவிடுவான். பிராசசரைக் குளிர்விக்கும் கூலரை (உலோகத் தகடுகளும் ஃபேனும் சேர்ந்தது) மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு சனிக்கிழமை, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிப் போனேன். சரியான ஒன்றை மாட்டி முடிக்க ஐந்து வாரமும், தேவையில்லாமல் 1,900 ரூபாயும் ஆயிற்று. அளவு எடுக்காமல் போனதுதான் காரணம். வேலையில் பாதிக்கு மேல் கடையில் இல்லை, வீட்டில் ஸ்கேலும் கையுமாக உட்கார்வதில்தான் இருக்கிறது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

கேபினெட்டுக்குள் சத்தம் போடக்கூடியவை நான்கு: பிராசசர் ஃபேன், பவர் சப்ளை ஃபேன், பின்பக்கக் கேபினெட் ஃபேன், ஹார்ட் டிஸ்க். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, செய்தித்தாள் ஒன்றைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வையுங்கள். மறுமுனையை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோங்கள். இறக்கையில் படக்கூடாது. எது கத்துகிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

வேலை கொடுத்தால் ஏறி, விட்டால் இறங்கும் இரைச்சல் என்றால் பிராசசர் ஃபேன். எப்போதும் ஒரே மாதிரி 'கிர்ர்' என்றால் ஏதோ ஒரு ஃபேனின் பேரிங் போய்விட்டது. 'டிக், டிக்' என்று ஹார்ட் டிஸ்க் தட்டுகிறதா? இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் படங்களையும் கோப்புகளையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். கூலர் அப்புறம்.

2. வெப்பநிலையை எழுதி வையுங்கள்

வெப்பநிலையைக் காட்டும் மென்பொருள்களில் கோர் டெம்ப், எச்டபிள்யூமானிட்டர் இரண்டுமே இலவசம். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ். கணினி சும்மா இருக்கும்போது ஒரு அளவு, பெரிய ஃபோல்டர் ஒன்றைப் பத்து நிமிஷம் ஜிப் செய்யவிட்டு ஒரு அளவு. கூடவே அறையின் வெப்பநிலை, நேரம். இந்த நான்கையும் ஒரு தாளில் குறியுங்கள். பிறகு ஒப்பிட வேறு ஆதாரம் கிடையாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு விமர்சன வீடியோக்களில் 'சும்மா இருக்கும்போது 30 டிகிரி' என்பார்கள். அவர்கள் அறை 22 டிகிரி. நம் அறை கத்திரியில் 34. காற்றை ஊதிக் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. ஆகவே அவர்கள் எண்ணோடு பத்துப் பன்னிரண்டு டிகிரி கூட்டிப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 45 என்று காட்டினால் பதற வேண்டியதில்லை. வேலை செய்யும்போது 85-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 100-ஐ நெருங்கும்போது இன்டெல் பிராசசர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி 'மெதுவாகிவிட்டது' என்று நாம் ராம் வாங்கப் போவது பல சமயம் இதனால்தான்.

என் கணக்கு: அறை 33, சும்மா 57, வேலையில் 91.

3. காசில்லாத வைத்தியத்தை முடித்துவிடுங்கள்

முதலில் தூசி. ஹீட்சிங்கின், அதாவது பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் உலோகக் கட்டியின், தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு அடுக்கு படிந்திருக்கும். மின் வயரைப் பிடுங்கிவிட்டு, புதிய பெயின்ட் பிரஷ் கொண்டு தட்டி எடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழலவிடக் கூடாது. பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றை அடிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும்.

அடுத்தது பேஸ்ட், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தத் தடவுவது. பத்து வருஷப் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும். சின்ன டியூப் 150 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. எப்படித் தடவுவது என்று ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

மூன்றாவது பயாஸ், கணினி தொடங்கும்போது உள்ளே போகக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை. பழைய போர்டுகளில் ஃபேன் வேகத்தை வெப்பத்துக்கு ஏற்ப மாற்றும் வசதி அணைந்தே கிடக்கும். ஸ்மார்ட் ஃபேன், கியூ-ஃபேன் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். அதை இயக்கிவிட்டாலே பாதி இரைச்சல் அடங்கலாம். ஆனால் பயாஸ் பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வந்தவுடன் இந்த அமைப்பும் போய்விடும். தேதி தப்பாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், ஐம்பது ரூபாய்க்குள்.

இந்த மூன்றையும் செய்ததில் எனக்கு 91 என்பது 76 ஆனது. பலருக்கு இதுவே போதும், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பிராசசரோடு வந்த என் ஸ்டாக் ஃபேனின் பேரிங்கும் தேய்ந்திருந்ததால் நான் மேலே போக வேண்டியதாயிற்று.

4. சாக்கெட் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் பிராசசர் பெயர், சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தின் வகை), மதர்போர்டு மாடல் மூன்றும் தெரியும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டெல்லில் முக்கியம், சாக்கெட்டைச் சுற்றியுள்ள நான்கு துளைகளின் இடைவெளி. எல்ஜிஏ 775, அதாவது கோர் 2 டுயோ காலம் என்றால் 72 மி.மீ. 1156, 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றுக்கும் 75 மி.மீ.; ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்குப் பொருந்தும். 1700-க்கு 78 மி.மீ. இரண்டு மூன்று மி.மீ. தானே, அழுத்தினால் உட்கார்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உட்காராது, போர்டுதான் வளையும். இப்போது வரும் சில புது மாடல் கூலர்களின் பெட்டியில் 1155 என்பதே இருப்பதில்லை, 775 அதைவிட அரிது. பெட்டியில் அச்சிட்ட பட்டியலைத்தான் நம்ப வேண்டும், பெட்டியை நீட்டுகிறவரை அல்ல.

ஏஎம்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஏஎம்2, ஏஎம்3, எஃப்எம்2 போர்டுகளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். அதில் கிளிப் போட்டு மாட்டும் கூலர் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

பிராசசரின் டிடிபி, அதாவது அது வெளிவிடும் வெப்பம், எத்தனை வாட் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ3 3220-க்கு 55, என் ஐ5 3470-க்கு 77, ஐ5 4460-க்கு 84, ஐ5 2400-க்கும் ஐ7 2600-க்கும் 95. கூலர் பெட்டியில் போட்டிருக்கும் வாட் இதைவிட முப்பது நாற்பதாவது கூடுதலாக இருந்தால்தான் நம் ஊர் வெயிலில் ஃபேன் மெதுவாகச் சுற்றும்.

5. உயரத்தை அளங்கள் (நான் ஏமாந்த இடம்)

நல்ல கூலர் என்று எல்லோரும் சிபாரிசு செய்ததை வாங்கி வந்தேன். 15.5 செ.மீ. உயரமுள்ள டவர், அதாவது போர்டிலிருந்து கோபுரம்போல் எழும்பி நிற்கும் வகை. ஒன்றரை மணி நேரம் வியர்த்து மாட்டி முடித்து, கணினியைப் போட்டால், அடடா, சத்தமே இல்லை! அப்புறம் பக்கத் தகட்டை எடுத்தேன். ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது கூலர். ஒரு வாரம் மூடாமலே ஓட்டிப் பார்த்தேன். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் அது நடக்கிற காரியமா? கடையில் கேட்டால், 'பேஸ்ட் பட்டுடுச்சு சார், ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க' என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

அளப்பது இப்படி. பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். கேபினெட்டின் விளிம்பில், தகடு உட்காரும் மட்டத்தில், குறுக்கே ஒரு நேரான குச்சியை வையுங்கள். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் மதர்போர்டின் வெற்றிடத்தில் ஸ்கேலை நிறுத்தி, குச்சிவரை எத்தனை என்று பாருங்கள். சாக்கெட்டும் பிராசசரும் போர்டுக்கு மேலே எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு ஒரு செ.மீ. கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் கூலரின் அதிகபட்ச உயரம். எனக்கு 14.6 வந்தது; கழித்தால் 13.6. இதை முன்பே செய்திருந்தால் 1,900 ரூபாய் தப்பியிருக்கும்.

ஒரு உத்தேசம் சொல்கிறேன்: கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 ஈவோ 15.9 செ.மீ., டீப்கூல் ஏஜி400 15 செ.மீ. பத்து வருஷத்துக்கு முந்தைய ஒல்லிக் கேபினெட்டுகளில் இரண்டுமே அடங்காமல் போக வாய்ப்பு அதிகம். இவை 12 செ.மீ. ஃபேன் உள்ளவை. 92 மி.மீ. ஃபேன் வைத்த சின்ன டவர்கள் 13 செ.மீ. பக்கத்தில் முடிந்துவிடும்.

தகட்டிலேயே ஒரு ஃபேனோ, புனல் மாதிரி பிளாஸ்டிக் குழாயோ இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அந்தக் காலக் கேபினெட்டுகளில் அது சகஜம். குழாயை ஸ்குரூ கழற்றி எடுத்துவிடலாம். பிறகு ராம் பட்டை: கூலர் அதில் இடிக்காமல் இருக்க, முதல் ஸ்லாட் சாக்கெட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு அளவு. இதையும் தாளில் எழுதுங்கள்.

6. பிராண்டட் கணினியா? நில்லுங்கள்

ஆபீஸ்களில் கழித்துவிட்டதை வாங்கிய பெரிய கம்பெனி டெஸ்க்டாப் என்றால், கூலரைப் பிடிக்கும் ஸ்குரூக்கள் நேரே கேபினெட் தகட்டிலேயே இறங்கியிருக்கலாம். ஃபேன் கனெக்டரும் தனி வடிவமாக இருக்கலாம். வேறு ஃபேன் மாட்டினால், ஃபேனே இல்லை என்று நினைத்துக்கொண்டு கணினி ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொல்லும். இதற்கு வெளிக் கூலர் தேடி அலையாதீர்கள். கூலரின் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போய், அதே மாடலில் கழற்றிய நல்ல ஃபேன் கேளுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆபீஸ் கணினிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் கிடைக்கும்.

7. எதை வாங்குவது, என்ன செலவு

நான் விசாரித்தபோது இருந்த விலைகள் இவை. உங்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

150 முதல் 300 ரூபாய்: கழற்றி விற்கும் இன்டெல் ஸ்டாக் கூலர். இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று முழுக்க அலுமினியம், ஒல்லி. மற்றது கொஞ்சம் உயரமாக, திருப்பிப் பார்த்தால் நடுவில் செம்பு வட்டம் தெரியும். செம்பு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். 65 வாட்டுக்குள் இருக்கும் பிராசசருக்கு இது தாராளம். இறக்கையை விரலால் ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் வேண்டாம்.

600 முதல் 1,200: பெட்டியில் வரும் புதிய தட்டைக் கூலர்கள். ஸ்டாக்கைவிடச் சத்தம் குறைவு. உயரப் பிரச்சினையே கிடையாது.

1,200 முதல் 2,200: செம்புக் குழாய் வைத்த டவர்கள். இடம் இருந்தால் 12 செ.மீ. ஃபேன் உள்ளதே மேல். 12 செ.மீ. ஃபேனின் வட்டப் பரப்பு 92 மி.மீ. ஃபேனைப்போல 1.7 மடங்கு. அதே அளவு காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும், சத்தம் அங்கேதான் குறைகிறது. இதற்கு மேல் செலவழிப்பது பத்து வருஷக் கணினிக்கு வீண். நாக்டுவா மாதிரிக் கம்பெனிகளின் 37 மி.மீ. குள்ளக் கூலர் அழகுதான், அந்தக் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கணினியையே விலை பேசலாம்.

பெட்டியில் அச்சிட்ட டெசிபல் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு ஒரு தூரத்தில் ஆளுக்கு ஒரு விதமாக அளக்கிறார்கள். ஃபேன் குறைந்தபட்சம் எத்தனை சுற்று என்று பாருங்கள், 500, 600 என்று இருந்தால் நல்லது. வயரில் நான்கு பின் இருக்க வேண்டும். மூன்று பின் ஃபேனைப் பல பழைய போர்டுகள் முழு வேகத்திலேயே ஓட்டும், பிறகு புது இரைச்சல்.

கடைசியில் நான் வாங்கியது 92 மி.மீ. ஃபேன் வைத்த, 13 செ.மீ. டவர். 1,350 ரூபாய்.

8. கடைக்குப் போகும் நாள்

ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை கூட்டம். வாரநாளில் காலை 11 மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசலாம். வண்டி வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி அண்ணா சாலையோடு நடந்துவிடலாம்.

'சிபியு கூலர் இருக்கா?' என்று கேட்காதீர்கள். நம் ஊரில் சிபியு என்றால் மொத்தப் பெட்டியும்தான். எனக்கு முதல் கடையில் கேபினெட் ஃபேனை எடுத்துக் காட்டினார்கள். 'பிராசசர் ஃபேன், 1155-க்கு, டவர் டைப், 13 சென்டிக்குள்ள' என்று ஒரே மூச்சில் சொன்னால், வந்தவருக்கு விஷயம் தெரியும் என்று அவர்களே சரியான பெட்டியை எடுப்பார்கள். 'எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்' என்றால் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சொல்லும் விலை பில்லோடா, பில் இல்லாமலா என்று முதலிலேயே கேளுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம். 1,500 என்றது பில் போடும்போது 1,770 ஆகும். ஆனாலும் பில் வாங்குங்கள், அது இல்லாமல் வாரண்டி இல்லை. பில்லில் மாடல் பெயர் முழுதாக இருக்க வேண்டும். வெறுமனே 'ஃபேன்' என்று எழுதினால் மாற்றச் சொல்லுங்கள். பில் மெஷின் தாள் சில மாதத்தில் வெளுத்துவிடும், அங்கேயே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் சீரியல் நம்பரையும் சேர்த்து. ஆன்லைனில் 100, 200 குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் அளவு தப்பினால் திருப்பி அனுப்புவது, பணம் வருவது என்று பத்து நாள் போய்விடும்.

பேஸ்டைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் அங்கேயே வாங்கிவிடுங்கள். செல்போன் சர்வீஸ் சாமான் கடைகளில் ஐபிஏ என்றால் தருவார்கள்.

9. மாட்டுவது

முதல் தடவை என்றால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், பகலில். பத்து நிமிஷம் கணினியை ஓடவிட்டு அணையுங்கள். சூட்டில் பழைய பேஸ்ட் இளகியிருக்கும். வயரைப் பிடுங்கி, கேபினெட்டைப் படுக்க வையுங்கள். ஏஎம்டி என்றால் நேராக இழுக்கவே கூடாது. பிராசசரே கூலரோடு ஒட்டி வந்து அதன் பின்கள் வளைந்துவிடும். இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

துணியில் ஆல்கஹால் நனைத்து, பழைய பேஸ்டைப் பளிச்சென்று ஆகும்வரை துடையுங்கள். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் சுற்றிலும் ஊற்ற வேண்டாம். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள், நான் உரிக்கவில்லை. ஒருமுறை கழற்றித் திரும்ப மாட்டினேன்.

கூலரைப் போர்டில் பிடிக்கும் இன்டெல் புஷ் பின்தான் எல்லோரையும் அழவைப்பது. நான்கு பின்னின் தலையையும் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் திருப்பி முதல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். நான்கும் துளையில் இறங்கியபின், எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு அழுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் 'டக்' என்று கேட்கும். போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்: வெள்ளைக் கால் இரண்டாக விரிந்து, நடுவில் கறுப்புப் பின் நுழைந்திருக்க வேண்டும். ஒன்று உட்காராவிட்டாலும் வெப்பம் 90-க்குப் போகும். இரண்டு மூன்று முறை அழுத்தியும் ஒரு மூலை எழும்பினால் பலம் காட்டாதீர்கள். போர்டை வெளியே எடுத்து மேசையில் வைத்து மாட்டுவதே உத்தமம்.

டவர் என்றால் காற்று பின்பக்கம் பார்த்துப் போக வேண்டும். ஃபேன் சட்டத்தில் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். வயரைப் போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில் மட்டும் செருகுங்கள்.

முதலில் பயாஸைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள், ஐந்து நிமிஷம் வெப்பநிலையைக் கவனியுங்கள். சரி என்றால் இரண்டாம் படியில் செய்த அதே சோதனை, அதே நேரத்தில். எனக்கு அறை 33 இருக்கும்போது சும்மா 42, வேலையில் 62. தொட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே நான்கு அடி. இப்போது எனக்குக் கேட்பது சீலிங் ஃபேன் மட்டும்தான்.

டவர் மாட்டிய கணினியை வீடு மாற்றும்போது நிமிர்த்தி ஆட்டோவில் ஏற்றாதீர்கள். கூலரின் எடை முழுவதும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் தொங்கும். போர்டு கீழே வருமாறு படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

பழைய ஸ்டாக் கூலரைத் தூக்கிப் போட வேண்டாம். துடைத்து, புதுக் கூலரின் பெட்டியிலேயே பில் நகலோடு போட்டுப் பரணில் வையுங்கள். புது ஃபேன் வாரண்டிக்குள் போய்விட்டால் மாற்றி வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை கணினி ஓட அதுதான் கைகொடுக்கும். மிச்சப் பேஸ்ட் டியூபையும் மூடியை இறுக்கி அதிலேயே வைத்துவிடுங்கள்.